காலியாக விடக் கூடாத நாற்காலி: சபாநாயகரின் ஓர் உத்தரவும் வேலூர் மாவட்டத்தின் மூன்று தொகுதிகளும்

2018ஆம் வருஷம், ஆடி மாதம். எங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் ஒரு பக்கம் சரிந்து, குழித்தறி போட்டிருந்த வீடுகளில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. தறிக்குழியில் ஈரம் ஏறினால் பாவு கெடும், கால்மிதி ஊறும், அந்த வாரக் கூலி போச்சு. பெரியப்பாவும் நானும் தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மனுவைப் படித்துப் பார்த்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "எம்எல்ஏ கிட்ட ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி வெச்சா சீக்கிரம் ஆகும்" என்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார். குடியாத்தத்துக்கு அப்போது எம்எல்ஏ இல்லை. பதவி போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது.

திரும்பி வரும்போது பெரியப்பா ஒன்றுதான் கேட்டார்: "யாராண்டடா போறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோதுதான் சபாநாயகர் பதவியைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். 2017 செப்டம்பர் 18 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவர் ப. தனபால் 18 உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தார். அந்த உத்தரவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆட்சி தப்புமா, கவிழுமா என்ற கணக்கையே எழுதினார்கள். அந்தக் கணக்கும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 18 தொகுதிகளில் மூன்று எங்கள் பழைய வேலூர் மாவட்டத்தில் இருந்தன: ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர். இந்த மூன்று ஊர்களில் நின்றுகொண்டு அந்த உத்தரவைப் பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். பிப்ரவரியில் அதிமுக உடைந்தது. எடப்பாடி பழனிசாமி முதல்வராகப் பதவியேற்று, பிப்ரவரி 18 அன்று பேரவையில் நம்பிக்கை கோரினார். ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டது, சபாநாயகர் மறுத்தார். கலாட்டா, இரண்டு முறை ஒத்திவைப்பு, திமுக உறுப்பினர்கள் வெளியேற்றம். கடைசியில் 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. எதிர்த்த அந்த 11 பேரும் பன்னீர்செல்வம் அணி. அவர்களும் இரட்டை இலையில் ஜெயித்தவர்கள்தான். இந்த 11 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மார்ச்சில் சபாநாயகரையே நீக்கக் கோரி திமுக தீர்மானம் கொண்டுவந்தது, தோற்றது. ஆகஸ்ட் 21 அன்று இரு அணிகளும் இணைந்தன. மறுநாளே, டி.டி.வி. தினகரன் பக்கம் இருந்த 19 எம்எல்ஏக்கள் ராஜ்பவனுக்குப் போய் ஆளுநர் வித்யாசாகர் ராவிடம் தனித்தனியாகக் கடிதம் கொடுத்தார்கள். முதல்வர் மீது தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பது கடிதத்தின் சாரம். கட்சியை விட்டுப் போகிறோம் என்று யாரும் எழுதவில்லை. ஆகஸ்ட் 24 அன்று அரசுக் கொறடா எஸ். ராஜேந்திரன் சபாநாயகரிடம் புகார் கொடுத்தார். அன்றே நோட்டீஸ் போனது. 19 பேரும் புதுச்சேரி ரிசார்ட்டில் இருந்து குடகுக்கு மாறினார்கள். நடுவில் கம்பம் எம்எல்ஏ ஜக்கையன் நிலையை மாற்றிக்கொண்டார், அவர் மீதான நடவடிக்கை நின்றது. மீதி 18 பேருக்கும் செப்டம்பர் 18 அன்று உத்தரவு வந்தது.

புகாரிலிருந்து உத்தரவு வரை 25 நாள்.

அன்றைய வேலூர் மாவட்டத்தில் 13 சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் மூன்றில் ஒரே நாளில் உறுப்பினர் இல்லாமல் போனது. குடியாத்தம் தனித்தொகுதி. ஆம்பூர் தோல் தொழிற்சாலையும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த ஊர். சோளிங்கர் நரசிம்மர் மலையை நம்பியும் சுற்றியுள்ள விவசாயத்தை நம்பியும் வாழ்கிற பகுதி. மூன்றுக்கும் பொதுவான ஒன்று அப்போது இருந்தது: ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1 முதல் வந்த அந்த வரி, லுங்கி நெய்கிறவனையும் தீப்பெட்டி ஒட்டுகிறவளையும் தோல் பதனிடுகிறவரையும் ஒரே சமயத்தில் குழப்பிக்கொண்டிருந்தது. சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஆள் வேண்டிய நேரம் என்றால் அதுதான்.

சபாநாயகர் நீதிபதி ஆன கதை

சட்டமன்றத்துக்குள் யாரும் "சபாநாயகர்" என்று அதிகம் சொல்வதில்லை, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்பார்கள். சபையை நடத்துவது, பேச நேரம் கொடுப்பது, ஒழுங்கு காப்பது, வாக்கு சமமாக வந்தால் மட்டும் தன் வாக்கைப் போடுவது: பழைய வேலை இவ்வளவுதான். 1985இல் 52ஆவது திருத்தம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதன்பின் சபாநாயகர் கையில் தீர்ப்பு எழுதும் பேனாவும் வந்து சேர்ந்தது. ஓர் உறுப்பினர் "தானாக முன்வந்து கட்சியின் உறுப்பினர் நிலையைக் கைவிட்டாரா" என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ராஜினாமாக் கடிதம் இருந்தாக வேண்டும் என்பதில்லை, நடத்தையை வைத்தும் முடிவு செய்யலாம் என்று 1994இல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சபாநாயகருக்கு இந்த அதிகாரம் பொருந்துமா என்ற சந்தேகம் ஆரம்பத்திலேயே இருந்தது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். மூன்று பேர், சபாநாயகர் ஒரு தீர்ப்பாயம் போலச் செயல்படலாம், நீதிமன்றம் அதைப் பின்னால் பரிசீலிக்கலாம் என்றார்கள். இரண்டு பேர், சபையின் பெரும்பான்மையை நம்பித் தன் பதவியில் இருக்கும் ஒருவர் இந்த வேலைக்கு ஏற்றவர் அல்ல என்றார்கள். மூன்று பேர் சொன்னதே சட்டம். ஆனால் இருபத்தைந்து வருஷம் கழித்துக் குடியாத்தத்தில் உட்கார்ந்து படிக்கும்போது, அந்த இரண்டு பேரின் குரல்தான் எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

உத்தரவின் உடனடி விளைவை எண்ணில் சொல்லிவிடலாம். ஆர்.கே. நகர் ஏற்கெனவே காலி, ஆக சபையில் 233 பேர். பெரும்பான்மைக்கு 117 வேண்டும். 18 பேர் போனதும் சபை 215 ஆனது. இப்போது 108 போதும்.

நீதிமன்றத்தில் பதின்மூன்று மாதம்

18 பேரும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 20 அன்று நீதிபதி எம். துரைசாமி இடைக்கால உத்தரவு போட்டார்: நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தக் கூடாது, 18 தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் அறிவிக்கவும் கூடாது. அப்போது இது நியாயமாகவே பட்டது. வழக்கு நடக்கும்போது தேர்தல் வைத்துப் புது ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு பழைய ஆளின் தகுதிநீக்கம் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் என்ன செய்வது?

ஆனால் அந்த உத்தரவோடு இன்னொரு விஷயமும் நின்றுபோனது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு, ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. அதன்படி 2018 மார்ச் மாதத்துக்குள் எங்களுக்குப் புது எம்எல்ஏ வந்திருக்க வேண்டும். அந்தக் கெடு வந்தது, போனது. யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி, நீதிபதி எம். சுந்தர் அமர்வு 2018 ஜனவரி 23 அன்று விசாரணையை முடித்துத் தீர்ப்பைத் தள்ளிவைத்தது. ஜூன் 14 அன்று தீர்ப்பு வந்தது, இரண்டாகப் பிளந்து. சபாநாயகர் எடுத்த முடிவு எடுக்கக்கூடிய முடிவுதான், மேல்முறையீடு போல நீதிமன்றம் அதில் புகுந்து பார்க்க முடியாது என்றார் தலைமை நீதிபதி. இயற்கை நீதி மீறப்பட்டிருக்கிறது, உள்நோக்கம் தெரிகிறது, உத்தரவு செல்லாது என்றார் நீதிபதி சுந்தர். மூன்றாவது நீதிபதி தேவைப்பட்டார். முதலில் ஒருவர் பெயர் வந்தது, பிறகு உச்ச நீதிமன்றம் நீதிபதி எம். சத்தியநாராயணனை நியமித்தது. அக்டோபர் 25 அன்று அவர் தகுதிநீக்கம் செல்லும் என்றார்.

ஆக, சட்டப்படி சபாநாயகரின் உத்தரவு நின்றது. மூன்று நீதிபதிகளில் இருவர் அதை ஏற்றார்கள். அந்த உத்தரவை விமர்சிக்கிறவர்கள் இதை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது, நானும் விழுங்கவில்லை.

அதே சமயம் கர்நாடகத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2010இல் எடியூரப்பா ஆட்சியில் பாஜக எம்எல்ஏக்கள் 11 பேர் ஏறத்தாழ இதே மாதிரி ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். சபாநாயகர் போப்பையா அக்டோபரில் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார். 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று சொல்வதும் கட்சியை விட்டுப் போவதும் ஒன்றல்ல என்பது அந்தத் தீர்ப்பின் அடிநாதம். தமிழ்நாட்டு வழக்கில் இந்தத் தீர்ப்புதான் இரு பக்கமும் இழுபட்டது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது காலம். அங்கே கடைசி நீதிமன்றம் வரை ஏழு மாதத்தில் முடிந்தது. இங்கே உயர் நீதிமன்றத்தைத் தாண்டவே பதின்மூன்று மாதம்.

ஒரே நாற்காலி, இரண்டு கடிகாரம்

இப்போது அந்த 11 பேருக்கு வருவோம். பிப்ரவரி 18 வாக்கெடுப்பில் கொறடா உத்தரவை மீறி அரசை எதிர்த்து வாக்களித்ததாகப் பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீதும் சபாநாயகரிடம் புகார் போனது. ஆளுநருக்குக் கடிதம் எழுதுவதை விட, சபைக்குள் எழுந்து நின்று எதிர்த்து வாக்களிப்பது பெரிய விஷயம் என்று சாதாரண ஆளுக்கும் தோன்றும். அந்தப் புகாரில் சபாநாயகர் முடிவெடுக்கவில்லை. திமுக கொறடா சக்கரபாணி நீதிமன்றம் போனார். 2018 ஏப்ரல் 27 அன்று உயர் நீதிமன்றம், சபாநாயகருக்கு இதைச் செய் என்று நாங்கள் கட்டளையிட முடியாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2020 பிப்ரவரி 14 அன்று, சபாநாயகர் நடவடிக்கை தொடங்கியிருப்பதைச் சொல்லி முடித்துவைக்கப்பட்டது. மூன்று வருஷம். 2021இல் அந்தப் பேரவையின் காலம் முடியும்வரை 11 பேரில் ஒருவருக்கும் பதவி போகவில்லை.

ஒரு புகாருக்கு 25 நாள், இன்னொரு புகாருக்கு மூன்று வருஷம். நடுவில் ஒரு நியாயம் சொன்னார்கள்: அணிகள் இணைந்துவிட்டன, புகார் காலாவதியானது போல. எனக்கு அது சரியாகப் படவில்லை. 11 பேரும் பதவியில் தொடர வேண்டும் என்றோ நீக்கப்பட வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கோப்புகளுக்கு இரண்டு கடிகாரம் ஓடியது என்பதே என் குறை. பத்தாவது அட்டவணையில் கெடு என்று எதுவும் எழுதப்படவில்லை. அதனால் விரைவும் தாமதமும் இரண்டுமே சபாநாயகரின் விருப்பமாகிவிடுகிறது. எந்தத் தப்பும் செய்யாமலேயே, நேரத்தை வைத்து மட்டும் ஒரு சபையின் பெரும்பான்மையைத் தீர்மானிக்க முடிகிறது.

2020 ஜனவரி 21 அன்று மணிப்பூர் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தொட்டது. தகுதிநீக்கப் புகாரைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. சபாநாயகர் எவ்வளவுதான் இருந்தாலும் ஒரு கட்சியைச் சேர்ந்தவர், ஆகவே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் நிரந்தரத் தீர்ப்பாயம் அமைப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் 18 பேர் வழக்குக்கு அது காலம் தாழ்ந்து வந்த வார்த்தை.

செய்யாற்றுப் புலவர்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் வட ஆர்க்காட்டுக்கும் அவைத் தலைமைக்கும் பழைய உறவு உண்டு. மேலவைத் தலைவராக 1964 முதல் 1970 வரை இருந்த மாணிக்கவேலு நாயக்கர், வட ஆர்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் வேரூன்றிய காமன்வீல் கட்சியின் தலைவர். பேரவைத் தலைவராக இரண்டு முறை இருந்தவர் செய்யாற்றிலிருந்து ஜெயித்த புலவர் கா. கோவிந்தன், முதலில் 1969 முதல் 1971 வரை. சில காலம் இரண்டு அவைகளின் நாற்காலியிலும் இந்தப் பக்கத்து மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது என் பெரியப்பாவுக்கு இன்றும் பெருமை. 2021இல் பேரவைத் துணைத் தலைவரான கு. பிச்சாண்டியும் பழைய வட ஆர்க்காட்டின் கீழ்பென்னாத்தூர் தொகுதிக்காரர்.

புலவர் கோவிந்தன் இரண்டாம் முறை வந்த விதம் தமிழ்நாட்டுச் சபையின் மிக மோசமான நாளோடு சேர்ந்தது. 1972 அக்டோபரில் எம்ஜிஆர் திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பரில் சபாநாயகர் கே.ஏ. மதியழகன், முதல்வர் கருணாநிதியை மக்களிடம் மறுபடி தீர்ப்புக் கேட்கச் சொல்லிவிட்டு, சபையைத் தானே ஒத்திவைத்தார். டிசம்பர் 2 அன்று சபை கூடியபோது மதியழகன் தன் நாற்காலியில், துணைத் தலைவர் பெ. சீனிவாசன் பக்கத்தில் போட்ட இன்னொரு நாற்காலியில். (1967இல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த அதே சீனிவாசன்.) ஒரே சபைக்கு இரண்டு பேர் தலைமை. மதியழகன் நீக்கப்பட்டார். எட்டு மாதம் சீனிவாசன் பொறுப்பில் இருந்தார். 1973 ஆகஸ்டில் புலவர் கோவிந்தன் மீண்டும் பேரவைத் தலைவரானார்.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது, சபையும் கலைந்தது. முதல்வர் இல்லை, அமைச்சர் இல்லை, எம்எல்ஏ ஒருவர்கூட இல்லை. ஆனால் பேரவைத் தலைவர் மட்டும் இருந்தார். அரசியலமைப்பின் 179ஆவது பிரிவு, சபை கலைந்தாலும் அடுத்த சபையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்புவரை சபாநாயகர் பதவியில் தொடர்வார் என்கிறது. நெருக்கடி நிலை முடிந்து சில மாதம் கழித்தும், 1977 ஜூலை வரை, சபையே இல்லாத சபைக்கு செய்யாற்றுக்காரர் தலைவர். நாற்காலி காலியானால் துணைத் தலைவர் பார்ப்பார், அவரும் இல்லையென்றால் ஆளுநர் ஒருவரை நியமிப்பார் என்று 180ஆவது பிரிவு சொல்கிறது. மதியழகன் நாளில் அது வேலை செய்ததையும் பார்த்தோம்.

சட்டம் எழுதியவர்கள் எவ்வளவு அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள்! சபாநாயகரின் நாற்காலி ஒருநாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அப்படியானால் குடியாத்தத்தின் நாற்காலி, ஆம்பூரின் நாற்காலி, சோளிங்கரின் நாற்காலி? அவை காலியாகாமல் பார்த்துக்கொள்ள இருந்தது ஆறு மாதக் கெடு ஒன்றுதான். அதுவும் ஓர் இடைக்கால உத்தரவில் படுத்துவிட்டது.

தொகுதியின் கணக்கு

2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை, இருபது மாதம். இந்த இருபது மாதத்தில் இரண்டு பட்ஜெட்கள் சபைக்கு வந்தன, 2018 மார்ச் 15 அன்று ஒன்று, 2019 பிப்ரவரி 8 அன்று ஒன்று. இரண்டிலும் எங்கள் மூன்று தொகுதிகளின் குரலும் வாக்கும் இல்லை. பக்கத்துத் தொகுதி எம்எல்ஏ நல்லவராக இருந்தால் எங்களுக்காக ஒரு கேள்வி கேட்கலாம். ஆனால் அவருக்குத் தன் ஊர்க் கேள்விகளே நூறு இருக்கும். எங்கள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் வரும். 2018 சிரசும் போனது, 2019 சிரசும் போனது, இரண்டுக்கும் ஊரில் எம்எல்ஏ கிடையாது. ஊர்க்காரர்கள் காலத்தை அப்படித்தான் எண்ணினார்கள்.

வழக்கில் 18 பேர் இருந்தார்கள், கொறடா இருந்தார், சபாநாயகர் இருந்தார், பெரிய பெரிய வழக்கறிஞர்கள் இருந்தார்கள். 18 தொகுதிகளின் வாக்காளர்களுக்கு அதில் இடமில்லை. சட்டப்படி அவர்கள் தரப்பே கிடையாது. தப்பு செய்தது எம்எல்ஏ என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குத் தண்டனை பதவியிழப்பு. அவரை அனுப்பிய ஊருக்கு எதற்கு இருபது மாதம்?

வேறு வழி இருந்திருக்குமா? இருந்தது என்றே நினைக்கிறேன். தேர்தல் வழக்குகளில் நீதிமன்றங்கள் நெடுநாளாக ஒரு நடைமுறையைக் கையாள்கின்றன. 1975 ஜூன் 24 அன்று நீதிபதி கிருஷ்ண ஐயர் இந்திரா காந்திக்குக் கொடுத்தது அப்படிப்பட்ட நிபந்தனைத் தடை: அவைக்குப் போகலாம், பேசலாம், வாக்களிக்கக் கூடாது, உறுப்பினர் சம்பளம் வாங்கக் கூடாது. அதே மாதிரி, வழக்கு முடியும்வரை 18 பேரும் சபையில் உட்கார்ந்து தொகுதிப் பிரச்சினை பேசலாம், எந்த வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டிருக்கலாம். ஆட்சிக் கணக்கு அசைந்திருக்காது, எங்கள் கால்வாய்க்குக் கடிதம் எழுதவும் ஓர் ஆள் இருந்திருப்பார். அது முடியாது என்றால், இடைத்தேர்தலை நிறுத்திய அதே உத்தரவில், ஆறு மாதக் கெடுவுக்குள் வழக்கை முடிப்போம் என்று ஒரு வரி சேர்ந்திருக்கலாம்.

சபாநாயகர் தரப்பிலும் ஒன்று உண்டு. 18 பேர் நேரம் கேட்டார்கள், ஆவணங்கள் கேட்டார்கள், குறுக்கு விசாரணை கேட்டார்கள். இன்னும் நாலு வாரம் கொடுத்து, கேட்டதை விசாரித்து எழுதப்பட்ட உத்தரவாக இருந்திருந்தால் நீதிமன்றத்தில் இரண்டாகப் பிளந்திருக்காது என்பது என் எண்ணம். இரண்டாகப் பிளந்ததால் மட்டும் நான்கு மாதத்துக்கு மேல் போனது. அவசரமாக எழுதிய உத்தரவு கடைசியில் தாமதத்தைத்தான் கொண்டுவந்தது.

ஏப்ரல் 18க்குப் பிறகு

மேல்முறையீடு இல்லை, மக்களைச் சந்திக்கிறோம் என்று 18 பேர் தரப்பு சொன்னது. 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு, எங்கள் மூன்றும் சேர்த்து அந்த 18இல் 16 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் என்று அறிவிப்பு வந்தது; அரவக்குறிச்சிக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் மே 19 அன்று நடந்தது. எங்களுக்கு அதிலும் ஒரு சோதனை. பணம் பிடிபட்ட விவகாரத்தில் வேலூர் மக்களவைத் தேர்தல் இரண்டு நாள் முன்னால் ரத்தானது. ஆம்பூரும் குடியாத்தமும் வேலூர் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. அதனால் நாங்கள் சட்டமன்றத்துக்கு மட்டும் வாக்களித்தோம். அரக்கோணத்தில் வரும் சோளிங்கர்காரர்கள் இரண்டுக்கும் வாக்களித்தார்கள். பெரியப்பா வாக்குச்சாவடிக்கு வந்து, "இன்னொரு மிஷின் எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மக்களவைக்கான வாக்கு ஆகஸ்ட் 5 அன்றுதான் வந்தது.

மே 23 முடிவில் ஆம்பூரில் திமுகவின் வில்வநாதன், குடியாத்தத்தில் திமுகவின் காத்தவராயன், சோளிங்கரில் அதிமுகவின் சம்பத். அந்த ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டில் நடந்த 22 இடைத்தேர்தல்களில் திமுக 13, அதிமுக 9. தினகரனின் அமமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. ஆட்சி தப்பியது. அதோடு பத்திரிகைகளில் இந்தக் கதை முடிந்தது. அதே வருஷம் நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூருக்கும் சோளிங்கர் ராணிப்பேட்டைக்கும் போய், குடியாத்தம் மட்டும் வேலூரில் நின்றது. ஒன்றாகத் தலைவனில்லாமல் இருந்த மூன்று ஊர்களும் இப்போது மூன்று கலெக்டர்களின் கீழ்.

குடியாத்தத்தில் கதை முடியவில்லை. 1954இல் காமராசர் முதல்வராகி, சட்டமன்ற உறுப்பினராவதற்காக நின்று ஜெயித்த இடைத்தேர்தல் எங்கள் குடியாத்தத்தில்தான் நடந்தது. அப்போது பெரியப்பாவுக்கு எட்டு வயது. முதல்வரானவர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்ற சட்டம் அன்று வேட்பாளரை இந்த ஊருக்கே கொண்டுவந்து நிறுத்தியது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் என்று அவர் மனதில் பதிந்தது அப்போதிருந்து.

2020 பிப்ரவரி 28 அன்று எம்எல்ஏ காத்தவராயன் உடல்நலக் குறைவால் காலமானார். பதவியேற்று ஒன்பது மாதம். இதில் யார் குற்றமும் இல்லை, ஊரே வருத்தப்பட்டது. 2016 மே முதல் 2021 மே வரையான அறுபது மாதத்தில் குடியாத்தத்துக்கு எம்எல்ஏ இருந்தது முதலில் பதினாறு மாதம், பிறகு ஒன்பது மாதம், ஆக இருபத்தைந்து. காத்தவராயன் இறந்த அன்று சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பா கேட்டார்: "இதுக்கு எத்தினி மாசம்டா?" ஆறு மாதத்துக்குள் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது பெரியப்பா என்றேன். அப்புறம் கொரோனா வந்தது. இடைத்தேர்தல் வரவில்லை. அடுத்த எம்எல்ஏ வர 2021 மே 2 ஆனது, பதினான்கு மாதம். எங்கள் கால்வாய் மனுவின் நகல் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது.